மண்டபமா, பந்தலா? அல்லது கௌரவத்துக்கு ரெண்டு வட்டி

தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு மக்களே. வர்ற மாசி மாசம். காலைல எங்க ஊர் பெருமாள் கோயில்ல தாலி கட்டு. அதுல யாருக்கும் தகராறு இல்ல. சாயங்காலம் வரவேற்பை எங்க வைக்கிறதுங்கறதுலதான் மூணு வாரமா வீட்டுல போர் நடக்குது. அப்பா கட்சி: மன்னார்குடியில ஏசி மண்டபம். அப்பாயி கட்சி: வீட்டு வாசல்ல தெருவை அடைச்சுப் பந்தல். நான் சென்னையில உக்காந்துக்கிட்டு ரெண்டு பக்கமும் போன்லயே அடி வாங்கிக்கிட்டு இருக்கேன். ஆபீஸ்ல ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரம் பூரா பந்தக்காரர், ஜெனரேட்டர்காரர், மண்டபத்து மேனேஜர்னு விசாரிச்சே போயிடுச்சு.

அந்தக் கடுப்புல எழுதறதுதான் இது. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல மண்டபம்.

மேனேஜர் ரொம்ப மரியாதையாத்தான் பேசினார். சாயங்காலமும் ராத்திரியும் சேர்த்து வாடகை ஒண்ணே முக்கால் லட்சம். "சரிங்க, அவ்வளவுதானே?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான்னு சொன்னா அவர் மேனேஜரா? வாடகைக்கு மேல 18% ஜிஎஸ்டி, அது 31,500. சுத்தம் பண்ண 12,000. கரண்ட்டு மீட்டர்படி, ஜெனரேட்டர் டீசல் தனி, ரெண்டும் சேர்ந்து சுமாரா 20,000 ஆகும்னார். மேடை அலங்காரத்துக்கு வெளி ஆள் வரக்கூடாதாம், அவங்க ஆள்தான். அவர் போட்டோ ஆல்பத்தோட வந்தார். இருக்கறதுலயே எளிமையானது 85,000. கூட்டினா 3,23,500. இதுல ஒரு வாய் சோறு கிடையாது, கவனிச்சுக்கோங்க. சமையல் செலவு எங்க வச்சாலும் ஒண்ணுதாங்கறதால அதைக் கணக்குல சேக்கல.

அப்பா இதுக்கு என்ன சொன்னார்னா, "மூணு லட்சம் ரெண்டு வட்டிக்குக் கேட்டு வச்சிருக்கேன்ப்பா, பாத்துக்கலாம்."

ரெண்டு வட்டின்னா நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா. மூணு லட்சத்துக்கு மாசம் 6,000. வருஷத்துக்கு 72,000. அசல் அப்படியே நிக்கும். தங்கச்சிக்கு வளைகாப்பு போடற அன்னைக்கும் அப்பா இந்த அஞ்சு மணி நேர ஏசிக்கு வட்டி கட்டிக்கிட்டு இருப்பார். மூணு மா நிலத்துல நெல் போடற மனுஷன். நான் பாதி தர்றேன்னா அதுக்கும் கோவம். "பொண்ணு கல்யாணம் அப்பன் செய்யணும்." ஆனா அப்பன் கடன் வாங்கலாமாம்!

இவ்வளவும் எதுக்குன்னு கேட்டேன். ஒரே வார்த்தைதான் பதில். கௌரவம்.

இந்தக் கௌரவம்னா என்னன்னு கொஞ்சம் பிரிச்சுப் பாப்போம். நாம எல்லாரும் மண்டபத்துக்குப் போயிருக்கோம். எட்டு மணிக்கு உள்ள நுழையறோம். மேடைக்கு ஒரு வரிசை. முக்கால் மணி நேரம் நின்னு கவரைக் குடுத்து, போட்டோவுக்குப் பல்லைக் காட்டி இறங்கறோம். அப்புறம் மாடியில சாப்பாட்டு ஹால். அங்க 150 பேர்தான் ஒரு பந்தியில உக்கார முடியும். மிச்ச ஆளுங்க சாப்பிடறவங்க சேருக்குப் பின்னாடி, சேரைப் பிடிச்சுக்கிட்டு, அவர் எப்ப பாயசத்துக்கு வருவார்னு பாத்துக்கிட்டே நிக்கறாங்க. சாப்பிடறவருக்குத் தொண்டையில இறங்குமா? நிக்கறவருக்கு மானம் இருக்குமா? இதுக்குப் பேரு கௌரவம். பத்தரைக்கு மேனேஜர் வந்து லைட்டை ஒண்ணொண்ணா அணைப்பார். அதுவும் கௌரவம்தான் :-)

2020ல கொரோனா நேரத்துல 50 பேருக்கு மேல கூடாதுன்னு அரசாங்கம் சொன்னுச்சு. எத்தனை பேர் வீட்டு வாசல்லயும் மொட்டை மாடியிலயும் கல்யாணத்தை முடிச்சாங்க? அந்தக் கல்யாணம் எல்லாம் செல்லாதா? அவங்க கௌரவம் எங்கயாவது குறைஞ்சு போச்சா? அப்ப போன கௌரவம் தடுப்பூசி போட்டதும் திரும்பி வந்துடுச்சு போல.

இன்னொரு கூத்து. மண்டபத்துல பந்தக்கால் நடறதைப் பாத்திருக்கீங்களா? வாசல் பூரா சிமெண்டும் டைல்ஸும். கம்பை எங்க ஊன்றது? ஒரு பிளாஸ்டிக் பக்கெட்ல மணலைக் கொட்டி, அதுல நட்டு, மஞ்சள் குங்குமம் வச்சு, நவதானியத்தையும் அந்தப் பக்கெட்லயே போட்டுடறாங்க. பந்தலே இல்லாத இடத்துல பந்தக்கால்!

*

"அப்ப பந்தல்தான்னு சொல்ற, அதானே?"ன்னு கிளம்பிடாதீங்க. அடுத்தது உங்களுக்குத்தான்.

நம்ம பதிவுலகத்துல ஒரு கோஷ்டி இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்ப் பக்கம் போயிட்டு வந்து, 'அந்தக் காலத்துக் கீத்துப் பந்தலும் வாழை மரமும் மண் வாசனையும்'னு கண்ணைக் கசக்கிக்கிட்டு ஒரு பதிவு போடுவாங்க. கல்யாணத்தன்னைக்கு ஒரு சேரை எடுத்துப் போட்டிருப்பாங்களா? மாட்டாங்க. அகநானூறு 86ஆம் பாட்டுலயே கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு, மணல் பரப்பி, விளக்கு ஏத்தி, உளுந்து போட்டுப் பொங்கின சோறு பரிமாறினது இருக்குன்னு பெருமையா எடுத்து விடுவாங்க. இருக்குதான், நானும் படிச்சிருக்கேன். நல்லாவூர் கிழார் பாடினது. ஆனா அந்தப் பந்தலுக்கு எதிர்த்த வீட்டுக்காரர் பாட்டுல வரல பாருங்க.

எங்க பந்தலுக்கு வந்தார்.

1998. அத்தை பொண்ணு கல்யாணம். எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. தெரு இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் சவுக்குக் கம்பு ஊனி கீத்துப் பந்தல். நானும் தென்னங்கீத்து தூக்கிக் குடுத்தேன். அவ்வளவு சந்தோஷம். ராத்திரி பத்து மணி இருக்கும், மைக் செட்டு காது கிழியுது. எதிர் வீட்டுத் தாத்தாவுக்கு நெஞ்சு வலி. வாடகைக் கார் வந்துடுச்சு, ஆனா தெரு முனையிலேயே நிக்குது. உள்ள வர வழி இல்ல. பந்தி ஓடிக்கிட்டு இருக்கு. சாப்பிடறவங்களை எழுப்பி, பெஞ்சை நகத்தி, எங்க பெரியப்பாவும் இன்னும் மூணு பேரும் கயித்துக் கட்டில்ல வச்சுத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. காருக்குப் போய்ச் சேரவே இருபது நிமிஷம் ஆயிடுச்சு. மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில தவறிட்டார்.

சீக்கிரம் போயிருந்தா பிழைச்சிருப்பாரான்னு யாருக்கும் தெரியாது. அந்த வீட்டு ஆளுங்க எங்களை ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கு வரைக்கும் கேக்கல. திட்டியிருந்தா மறந்திருப்பேன்னு நினைக்கிறேன்.

அதனால அப்பாயி கிட்ட சொல்லிட்டேன். தெருவுல பந்தல் கிடையாது. ஊராட்சியிலயும் போலீஸ்லயும் அனுமதி வாங்கிடலாம்னு சித்தப்பா சொல்றார். காகிதத்துல வாங்கலாம். நெஞ்சு வலிக்கு அந்தக் காகிதத்தைக் காட்ட முடியாது. தெரு நம்ம வீட்டு முற்றம் இல்ல.

*

சரி, மேட்டருக்கு வருவோம். தெரு வேணாம், மண்டபமும் வேணாம்னா மிச்சம் இருக்கறது எங்க வீட்டுக்குப் பின்னாடி திடல். நெல் காய வைக்கிற இடம், அரை ஏக்கர் இருக்கும். மாசியில சம்பா அறுவடை முடிஞ்சு திடல் காலியாத்தான் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையும் முடிஞ்சிருக்கும். பின்பக்கம் வண்டிப் பாதை. எவன் வழியையும் அடைக்க வேண்டாம்.

இதுக்குக் கணக்கு போட்டேன். பந்தல்னா சும்மா சீப்புன்னு நினைச்சுத்தான் நானும் ஆரம்பிச்சேன். அவ்வ்வ்வ்.

40க்கு 120 அடி தகரப் பந்தல், கீழ துணி சீலிங்கோட 65,000. நாற்காலி 500, பத்து ரூபா வீதம் 5,000. சாப்பாட்டு மேசை 50, எண்பது ரூபா வீதம் 4,000. ஜெனரேட்டர் டீசலோட 18,000. லைட்டு 14,000. பெரிய ஃபேன் ஆறு, 6,000. மேடை, பூ 40,000. மேடு பள்ளத்தைச் சமன் பண்ண ஜேசிபி ஆறு மணி நேரம், 8,400. தண்ணி லாரி மூணு நடை, 4,500. ராத்திரி காவலுக்கும், வண்டி நிறுத்தற இடத்துல நிக்கறதுக்கும் ஆள் கூலி 10,000.

அப்புறம் கழிப்பறை. இதைப் பத்தி மண் வாசனை கோஷ்டி ஒரு வரி எழுதினதில்ல. 700 பேர் வர்ற இடத்துல பொம்பளைங்க எங்க போவாங்க? எங்க வீட்டுல இருக்கறது ஒண்ணு. நடமாடும் கழிப்பறை நாலு, 20,000. கணக்குல நான் இதைச் சேத்தப்ப சித்தப்பா சிரிச்சார். தங்கமணி சிரிக்கல. "அந்த நாலுல மூணு லேடீஸுக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. எழுதிக்கிட்டேன்.

மொத்தம் 1,94,900. மண்டபத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் 1,28,600. அப்பா கையில சேமிப்பு இருக்கு, மிச்சத்துக்கு என் பங்கு. கடனே தேவைப்படாது. இதுல பந்தக்காரர் பில்லுல ஏன் ஜிஎஸ்டி இல்லன்னு கேப்பீங்க. சேவை செய்யறவங்களுக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினாத்தான் பதிவு கட்டாயம். எங்க ஊர்ப் பந்தக்காரர் இன்னும் அந்த உயரத்துக்குப் போகல.

இடம் பத்துமான்னும் பாத்துட்டேன். இலை போட்டு உக்காந்து சாப்பிட ஒரு ஆளுக்கு நடைபாதையோட சேத்து 12 சதுர அடி வச்சுக்கலாம். ஒரே பந்தியில 250 பேர்னா 3,000 சதுர அடி. பந்தல் 4,800. மிச்சத்துல மேடையும் நாற்காலியும். இன்னும் கொஞ்சம் நாற்காலி திறந்த வெளியிலயே போடலாம். 700 பேர் மூணு பந்தியில முடிஞ்சுடும். சேருக்குப் பின்னாடி யாரும் நிக்க வேணாம்.

*

"நெருப்பு பத்திக்கிட்டா?" இது மாமா கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் சொல்லாம பந்தலுக்கு வக்காலத்து வாங்கறவன் அயோக்கியன்.

2004 ஜனவரி 23 ஸ்ரீரங்கம். கல்யாண வீட்டுல நெருப்பு. மாப்பிள்ளையோட சேத்து 50 பேருக்கு மேல போயிட்டாங்க. வீடியோ எடுக்கற விளக்கோட ஒயர்ல பொறி பறந்து, கீத்துக் கூரையில பிடிச்சுக்கிச்சு. 1995 டிசம்பர் 23 ஹரியானா தப்வாலி. பள்ளிக்கூட ஆண்டு விழாவுல சாமியானா துணி எரிஞ்சு மேல விழுந்து 400 பேருக்கு மேல செத்தாங்க, நிறைய பேர் குழந்தைங்க.

மாமா இந்த ரெண்டையும் பந்தலுக்கு எதிரா எடுத்துப் போட்டார். நான் திருப்பிக் கேட்டேன்: மாமா, ரெண்டும் நடந்தது எங்க? ஸ்ரீரங்கத்துல நடந்தது கல்யாண மண்டபம். தப்வாலியில நடந்ததும் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடற இடம்தான். 2023 செப்டம்பர்ல ஈராக்குல ஒரு கல்யாண வரவேற்பு. நல்ல கட்டடம், உள்ள வாணம் விட்டாங்க, சீலிங் பத்திக்கிச்சு, 100 பேருக்கு மேல காலி. இன்னைக்கு நம்ம ஊர் ஏசி மண்டபத்துலயும் பொண்ணு மாப்பிள்ளை நடந்து வரும்போது ரெண்டு பக்கமும் பூத்திரி மாதிரி பீச்சி அடிக்கிறாங்களே, மேல தெர்மாகோல், சுத்தி பாலியஸ்டர் துணி, பிளாஸ்டிக் பூ. அதைப் பாத்து எல்லாரும் கை தட்டிக்கிட்டு வீடியோ எடுக்கறோம்.

ஆளைக் கொல்றது மூணு விஷயம்: எரியற பொருள், கண்டபடி இழுத்த ஒயர், வெளிய ஓட வழி இல்லாதது. மண்டபத்துலயும் இந்த மூணு இருக்கலாம், பந்தல்லயும் இருக்கலாம். ஒரே வித்தியாசம், மண்டபத்துல இதைக் கேட்டா மேனேஜர் "அதெல்லாம் நாங்க பாத்துப்போம் சார்"னு முடிச்சுடுவார். என் திடல்ல நான் பாத்தே ஆகணும்.

பந்தலுக்குன்னே இந்தியத் தர நிர்ணய விதி இருக்கு, ஐஎஸ் 8758. எத்தனை பந்தக்காரருக்குத் தெரியும்னு கேக்காதீங்க. நான் பந்தக்காரர் கிட்ட வச்ச நிபந்தனை இதுதான். கீத்து கிடையாது, தகரம் மட்டும். சீலிங்குக்குப் பருத்தித் துணி, சிந்தெடிக் வேணாம். மின்கம்பிக்குக் கீழ ஒரு கம்புகூட ஊனக்கூடாது. மூணு பக்கம் திறப்பு. சமையல் கொட்டகையும் ஜெனரேட்டரும் பந்தலை விட்டுத் தள்ளி. ஒயர்ல ஒட்டு இருந்தா அந்த ஒயரே வேணாம். தீயணைப்பான் நாலு. வாணம், பூத்திரி எதுவும் கிடையாது. முக்கியமா, திடல் ஓரத்துல இருக்கற வைக்கோல்போரை மாசி பொறக்கறதுக்குள்ள இடம் மாத்தணும். மாமாவே கடைசியில "வைக்கோல்போரை நான் பாத்துக்கறேன்"னார். கட்சி தாவிட்டார்னு எடுத்துக்கலாம்.

பாட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல கிடையாது. 2000த்துலயே வந்த ஒலி மாசு விதி அது, பத்துலேர்ந்து காலைல ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. எங்க தெருவுக்கு அந்த விதியே தேவையில்ல, 1998 ஞாபகம் போதும். குப்பையும் நாமதான் அள்ளணும். மண்டபத்துல இலையும் தண்ணி பாட்டிலும் எங்க போகுதுன்னு நாம கேட்டதே இல்ல. இங்க மறுநாள் காலைல நம்ம மாடுதான் முதல்ல போய் மேயும்.

*

கடைசியா ஒண்ணு. இதுதான் நிஜமான சண்டை. மத்ததெல்லாம் கணக்கு.

மன்னார்குடி மண்டபம்னா எங்க ஊர்லேர்ந்து 14 கிலோமீட்டர். கடைசி பஸ் ஒம்போதே காலுக்கு. எங்க வயல்ல நாத்து நடற பொம்பளைங்க, களத்துக்கு வர்ற ஆளுங்க யாரும் வர மாட்டாங்க. பத்திரிகை வைப்போம், அவங்களும் மஞ்சள் தடவின பத்திரிகையைக் கண்ணுல ஒத்திக்குவாங்க. வர மாட்டாங்கன்னு நமக்கும் தெரியும். மண்டபம் எடுக்கறதுல இது ஒரு சவுகரியம், யாரும் வாயால சொல்றதில்ல. 'கண்டவன் வராம டீசன்ட்டா நடக்கும்'னு ஒரு உறவுக்காரர் மட்டும் வாய் தவறிச் சொல்லிட்டார்.

பழைய பந்தல்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்தாங்கன்னு யாராவது கதை விட்டா அதையும் நம்பாதீங்க. 1998ல அந்தத் தெருப் பந்தல்ல எங்க வீட்டு ஆளுங்களுக்கு இலையில பந்தி. வயல்ல வேலை பாக்கறவங்களுக்குக் கடைசியா, கொல்லைப் பக்கம், பாத்திரத்துல. நானே ஊத்தியிருக்கேன், சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டு. அன்னைக்கு அது தப்பா தெரியல. அந்தப் பந்தலை நினைச்சு என்னால கண்ணைக் கசக்க முடியாது, மன்னிச்சுக்கோங்க.

போன வாரம் தங்கச்சி போன் பண்ணிச்சு. இவ்வளவு கூத்துலயும் அதை யாரும் ஒரு வார்த்தை கேக்கல, நான் உட்பட.

"அண்ணே, எனக்கு மண்டபமும் ஒண்ணுதான், திடலும் ஒண்ணுதான். திடல்ல வச்சா முதல் பந்தியில நம்ம நடவு ஆளுங்களும் உக்காரணும். எல்லாரோடயும் கலந்து. அது முடியாதுன்னா மண்டபத்துலயே வச்சுடுங்க. பின்பக்கம் பாத்திரத்துல ஊத்தறதை என் கல்யாணத்துல நான் பாக்க மாட்டேன்."

எனக்குப் பேச்சு வரல. நான் மூணு வாரமா சதுர அடி கணக்கு போட்டுக்கிட்டு இருந்தேன்.

இதை அப்பா கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல, கட் ஆயிடுச்சோன்னு பாத்தேன். அப்புறம் கேட்டார், "சம்பந்தி வீட்டுல என்னப்பா சொல்வாங்க?" மாப்பிள்ளை கிட்ட முன்னாடியே பேசிட்டேன், அவருக்குச் சம்மதம்னேன். "ஊர்ல?"ன்னார். ஊரைப் பத்தி என்கிட்ட பதில் இல்லப்பான்னேன்.

மறுபடி கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தப் பந்தக்காரனுக்கு எவ்வளவு அட்வான்ஸ் குடுக்கணும்?"னார்.

அஞ்சாயிரம் அனுப்பிட்டேன். அப்பாயிக்குத்தான் இன்னும் கோவம், தெருவுல போடலன்னு. பந்தக்கால் அவங்க கையால நட்டாப் போதும்னு சமாதானம் பேசியிருக்கேன். மண்ணுல. பக்கெட் கிடையாது.

பி.கு: மாசிக் கல்யாணத்துக்கு மன்னார்குடிப் பக்கம் வர்ற பதிவர்கள் எல்லாரும் வரலாம். எந்தப் பந்தியில வேணும்னாலும் உக்காரலாம், ஆனா சாப்பிட்டதும் ஒரு ஆள் பத்து சேர் மடக்கி அடுக்கணும். மண் வாசனை கோஷ்டிக்கு இருபது :-)